தாயத்துக்குள் இருந்த தாள்

பிள்ளையின் அப்பாவுக்கு,

கீழ்வீட்டு நூஹா தாயை அடக்கம் செய்யப் பாலஸ்தீனம் போய், நேற்றுத்தான் திரும்பினாள். தாய் கட்டிவிட்ட வெள்ளித் தாயத்தை எல்லைச் சோதனையில் பறித்துவிடுவார்கள் என்று பயந்துதான் என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

நீங்கள் அதை உருக்கி மகளுக்குக் கொலுசு செய்வித்ததைச் சொன்னேன். பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொலுசு பிள்ளைக்கே இருக்கட்டும். உள்ளே அம்மா தன் கையால் பிரார்த்தனை எழுதி வைத்த தாளை மட்டும் தா" என்றாள்.

உருக்கக் கொடுத்த அன்று நீங்கள், "வெறும் கடுதாசிதானே, எறிஞ்சுபோட்டன்" என்று சிரித்தீர்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன்.

தேடித் தருவதாக அவளிடம் பொய் சொன்னேன். இன்று காலை மறுபடி கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை.

நானும் பிள்ளையும் புரோசார்ட் நகரிலுள்ள அக்கா வீட்டுக்குப் போகிறோம். அடுத்த முறை தட்டும்போது நீங்களே திறந்து சொல்லுங்கள்.

உங்கள் மகளின் தாய்