நீனாவை மறைத்த காலண்டர்

14 மார்ச் 2025, வெள்ளி

மஹாலியா ஜாக்சன் வந்து சேர்ந்தார். மும்பைக்காரர் ஒருவரிடம் ஆன்லைனில் வாங்கிய இசைத்தட்டு. நான் ஆபீசில் இருந்த நேரத்தில் கூரியர்காரர் பார்சலை காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மார்ச் மாதத்து மேட்டூர் வெயிலில் தட்டை வைப்பதும் அப்பளத்தை எண்ணெயில் போடுவதும் ஒன்றுதான். நல்லவேளை, விளிம்பில் மட்டும் லேசாக நெளிந்திருக்கிறது. முள் அந்த இடத்துக்கு வரும்போது ஒரு குதி குதிக்கிறது. மஹாலியாவோ அதைச் சட்டை செய்யாமல் பாடிக்கொண்டே போகிறார். தேவாலயத்தில் பாடிப் பழகிய தொண்டை. கடைசி வரிசைக்காரன் தூங்கினாலும் எழுப்பிவிடும்.

இவர் வழக்கம்போல, போனில் சும்மா கிடைக்கிற பாட்டுக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். போன் வருவதற்கு முன்னால் ரேடியோவில் கிடைக்கிறதே என்பார். என் வீட்டுக்காரர் முருகானந்தம் நல்ல மனிதர்தான். காதுதான் சரியில்லை.

ஹால் சுவரில் மரச்சட்டம் அடித்து, முகப்படம் போட்ட தட்டு அட்டைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். தட்டுகள் அந்த அட்டைகளுக்குள்ளேயே இருக்கின்றன. அமெரிக்கப் பாடகர்கள் நீனா சிமோன், எல்லா ஃபிட்ஜெரால்ட், பால் ராப்சன் எல்லோரும் வரிசையில். இன்று மஹாலியாவுக்கும் இடம் கொடுத்தேன். அத்தனை பேரும் கறுப்பு. அத்தனை பேரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள்.

23 மார்ச், ஞாயிறு

இளம்பிள்ளையில் அகல்யாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சம்பந்தி வீட்டார் புடவை வியாபாரம், குறை சொல்ல முடியாத உபசரிப்பு. ஐந்து வகைச் சாதம். மகள் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

புறப்படும்போது சம்பந்தியம்மா ஜானகியம்மாள் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. மாசமா இருக்கற புள்ள எதைப் பாக்குதோ அதுதானுங்க வயித்துல எறங்கும். உங்கூட்டுச் செவுத்துல இருக்கற படத்தையெல்லாம் கொஞ்ச நாளைக்கு எடுத்து வெச்சுருங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையில் தாம்பூலப் பை இருந்தது. பை இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. பின்னால் நின்ற இவர், "அதுக்கென்னங்க, எடுத்துரலாம்" என்றார். எடுத்துரலாமாம்! இவர் வீட்டுப் பரணில் இருக்கிற அண்டா மாதிரி.

பெண் பார்க்க வந்த அன்றும் இதே ஜானகியம்மாள்தான், "பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்குது" என்று சொன்னார். மாப்பிள்ளை நந்தகுமார் கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றதால் கல்யாணம் நடந்தது. அந்த "இருந்தாலும்" எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. என்னையும் ஊரில் அப்படித்தான் சொன்னார்கள். என் மகளையும். இப்போது பிறக்காத பிள்ளைக்கும் அதே வார்த்தையைத் தயார்செய்து வைத்திருக்கிறார்கள்.

24 மார்ச், திங்கள்

காலையிலும் கோபம் போகவில்லை. தோசை தீய்ந்தது. தீய்ந்த தோசையை இவருக்கே வைத்தேன்.

26 மார்ச், புதன்

வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்தபோது கூடவே வந்த கட்டைப்பையை இன்றுதான் பிரித்தேன். குங்குமப்பூ டப்பா. பிறகு ஒரு சுருள். விரித்தால் குழந்தைப் படக் காலண்டர். மாதத்துக்கு ஒரு குண்டுக் குழந்தை, எல்லாம் பால் வெள்ளை, சிலதுக்கு நீலக் கண். எந்த நாட்டுப் பிள்ளைகளோ. எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஏழு தலைமுறைக்கு நீலக் கண் கிடையாது. அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அதுதான் பெரிய வம்பு.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் அதை மாட்டியாகிவிட்டது. எங்கே? நீனா சிமோன் முகம் மறைய, அதன் மேலேயே. ஏன் அங்கே என்றால், ஆணி அங்கேதான் இருந்ததாம்.

பார்த்துக்கொண்டிருந்தால் வந்துவிடும் என்றால், முப்பது வருடமாக எல்லா ஃபிட்ஜெரால்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, எனக்கு ஒரு வரியாவது சுருதியோடு வந்திருக்க வேண்டாமா? இதை இவரிடம் கேட்டேன். நீ மாசமா இல்லையே என்றார்.

அகல்யா குங்குமப்பூப் பாலை வாங்கிக் குடித்தாள். முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

2 ஏப்ரல், புதன்

இன்று லீவு. காலண்டரைத் தூக்கி, அடியில் இருக்கிற நீனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இதுதான் நான் வாங்கிய முதல் தட்டு. அனல்மின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, நிறம் கம்மி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் சேலத்துக்கு ஆபீஸ் வேலையாகப் போனேன். பழைய சாமான் கடை ஒன்றில் மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே இந்த முகம். என் நிறம். என்னைவிடக் கறுப்பு. ஒரு அடி அகல அட்டை முழுக்க ஒரே முகம். பவுடர் இல்லை, குனிந்த தலை இல்லை, காபித் தட்டு இல்லை.

பிளேயர் கிடையாது, இருந்தும் வாங்கினேன். பிறகு உடன் வேலைபார்த்த ஒருவர் வீட்டில் போட்டுக் கேட்டோம். பாஷை பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது: இந்தப் பெண் யாரிடமும் கெஞ்சவில்லை. பியானோ மேதையாக வேண்டும் என்று நினைத்தவர் என்று பின்னால் படித்தேன். ஒரு பெரிய இசைக் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். அந்தக் கோபம் விரலில் இருக்கிறது. பியானோவை அவர் தொடும்போது எனக்கு முதுகு தானாக நிமிரும்.

இந்த முகத்தின் மேல் நீலக் கண் காலண்டர். என்ன கொழுப்பு!

9 ஏப்ரல், புதன்

அகல்யா கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அழகுக்கலைப் பெண் பூசியது போதாதென்று போட்டோக்காரரும் கம்ப்யூட்டரில் பூசியிருக்கிறார். மணவறையில் இருப்பது யார் பெண்ணோ. கை மட்டும் என் மகள் கை.

எனக்கு ஹாட்டி மெக்டேனியல் ஞாபகம் வந்தது. பாடகியாக இருந்து ஹாலிவுட் படத்துக்கு வந்தவர். பழைய பாடகிகள் தொகுப்பில் அவர் குரலும் என்னிடம் இருக்கிறது. திரும்பத் திரும்ப வேலைக்காரி வேஷம்தான் கொடுத்தார்கள். அந்த வேஷத்திலும் முதலாளியம்மாவைவிட அவரைத்தான் கண் தேடும். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். பரிசு கொடுத்த விருந்தில் அவரைச் சுவரோரம் தனி மேசையில் உட்காரவைத்தார்கள். கூப்பிட்டுப் பரிசையும் கொடுப்பார்களாம், ஓரமாகவும் உட்காரவைப்பார்களாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

இதை அகல்யாவிடம் சொன்னேன். "தெரியும்மா. சின்ன வயசுல இருந்து சொல்ற" என்றாள். ஆல்பத்தை மூடிவிட்டாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

சந்தைக்குப் போய்விட்டு வந்தால் சுவர் காலி.

சட்டத்தில் ஒரு அட்டைகூட இல்லை. காலண்டர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. நேராக இவரிடம் போய்க் கத்தினேன். காய்கறிப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பாவம், அவர் தினத்தந்தியைப் பிடித்தபடி முழித்தார்.

"அப்பா இல்லம்மா. நாந்தான்."

அகல்யா அறை வாசலில் நின்றாள். எல்லா அட்டையையும் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நீயுமா இந்தக் கூத்தை நம்புகிறாய், காலேஜில் விலங்கியல் படித்தவள்தானே என்று கேட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நம்பலைம்மா. ஆனா கறுப்பாப் பொறந்தா, அம்மா ஊட்டுல அந்தப் படத்தையே பாத்துட்டு இருந்தாள்னு சொல்லுவாங்க. வித்யா அக்கா பையன் செவப்பு. விசேஷத்துல அவனைக் கை மாத்திக் கை மாத்தித் தூக்குவாங்க. எம் புள்ளைய யாரும்மா தூக்குவா?"

வித்யா அவள் ஓரகத்தி, மூத்த மருமகள்.

நீனா சிமோனிடம்கூட இதற்குப் பதில் இருக்குமா என்று தெரியவில்லை. எனக்குச் சுவர்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிள்ளை. நாளைக்கு அந்த வீட்டில் ஓரமாக உட்கார வேண்டியது என் பேரப்பிள்ளையா?

யாரிடம் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

21 ஏப்ரல், திங்கள்

அட்டைகள் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தேன். படுக்கவைத்தால் வளைந்துவிடும்.

27 ஏப்ரல், ஞாயிறு

திடீரென்று தோன்றியது. பார்க்கக் கூடாது என்றுதானே ஜானகியம்மாள் சொன்னார்? கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

மஹாலியாவைப் போட்டேன். முள் வழக்கமான இடத்தில் குதித்தது. அகல்யா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்தாள். நான் பதறிப்போனேன்.

"ஒண்ணுமில்லம்மா. உதைக்குது. பாட்டு குதிச்ச உடனே இதுவும் குதிக்குது" என்றாள். வளைகாப்புக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

இனி தினமும் காலையில் மஹாலியா, சாயங்காலம் ராப்சன். ராப்சன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாடகர், நடிகர், எதற்கும் பணியாதவர். அரசாங்கம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டபோது, அமெரிக்காவிலிருந்தபடி டெலிபோன் வழியாக லண்டன் கூட்டத்துக்குப் பாடினாராம். ஆளைத்தான் தடுக்க முடிந்தது. குரலை எங்கே தடுப்பது?

18 மே, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் ஜானகியம்மாள் வந்துவிட்டார். முறுக்கு, நெய், இன்னொரு டப்பா குங்குமப்பூ. வந்ததும் சுவரைத்தான் பார்த்தார். காலியாக இருந்தது. காலண்டரைப் பார்த்தார். திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளேயரில் மஹாலியா ஓடிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. ஒரு பிடிவாதம்தான். ஜானகியம்மாள் முறுக்கை எடுத்துவைத்தபடி காது கொடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தட்டு முடிந்து முள் சரசரக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

"ஆருங்க சம்பந்தி இது? அடிவயித்துல இருந்து பாடறாங்க. ஒண்ணும் புரியல, ஆனா நெஞ்சை என்னமோ பண்ணுது. மறுக்கா போடுங்க."

அட்டையை எடுத்து வந்து மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும் என்று எழுந்தேன். அகல்யா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். மறுபடி போட்டேன். ரசிக்கிறவர் மேல் எப்படிக் கோபப்படுவது? ரசிக்காமலாவது இருந்திருக்கலாம்.

12 ஜூன், வியாழன்

அணை திறப்பு. ஊரெல்லாம் கார். டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு வருவதற்குள் பிராணன் போயிற்று.

19 ஜூன், வியாழன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம்.

கறுப்பு. நல்ல பளபளப்பான கறுப்பு. என் அம்மா நிறம்.

20 ஜூன், வெள்ளி

ஜானகியம்மாளும் வித்யாவும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிறந்த அன்று நிறம் தெரியாது, காது மடலைப் பார்த்தால்தான் தெரியும் என்பது நம் ஊர் சாஸ்திரம். மடல் எந்த நிறமோ பிள்ளையும் போகப்போக அந்த நிறமாம். ஜானகியம்மாள் நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குனிந்து, விரலால் காதைத் திருப்பிப் பார்த்தார். மடல் பிள்ளையைவிடவும் கறுப்பு.

"பரவால்ல. குளிப்பாட்டக் குளிப்பாட்ட வெளுத்துரும்" என்றார். பிள்ளையைத் தூக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து அகல்யா பேசினாள். குரல் உயரவில்லை.

"வெளுக்க வேண்டாங்கத்தை. காது நல்லா கேக்குதுன்னு காத்தால டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்க. அது போதும். நீங்க அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டீங்களே ஒரு பாட்டு, அதைக் கேட்டுத்தான் இவ உள்ள இருந்து உதைச்சா. அந்தம்மாவும் இவ நெறந்தாங்க."

மாப்பிள்ளை தன் போனில் மஹாலியாவின் படத்தைத் தேடி எடுத்து அவர் அம்மாவிடம் நீட்டினார். ஜானகியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இவங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு குனிந்து பிள்ளையைத் தூக்கினார். தூக்கினவர் தூக்கினதுதான். வித்யா கேட்டாள், தரவில்லை. அம்மாவைப் பெற்ற பாட்டி நான் கேட்டேன், எனக்கும் தரவில்லை. கிளம்பும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டார். என்ன பெண்மணியோ!

23 ஜூன், திங்கள்

வீடு திரும்பினோம். மகள் போனில் சொல்லி இவர் அட்டைகளை எல்லாம் மறுபடி சுவரில் ஏற்றியிருந்தார். வரிசை தப்பு. ராப்சன் தலைகீழ். அப்படியும் காபி போட்டுக் கொடுத்தேன்.

4 செப்டம்பர், வியாழன்

மகளும் பேத்தியும் இன்று காலை இளம்பிள்ளை போனார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சாயங்காலம் ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று போனால், சட்டத்தில் முதல் இடம் காலி. நீனா இல்லை. தேடினால் தட்டு மட்டும் மேசை மேல் கிடக்கிறது. வெறும் தட்டு, உறை இல்லை. அட்டையை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறாள்.

போன் செய்தேன். ஜானகியம்மாள்தான் எடுத்தார். அகல்யா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளாம். படம் தொட்டிலுக்கு நேரே மாட்டியாகிவிட்டதாம், மாப்பிள்ளை கோணலாக ஆணி அடித்ததால் அந்த அம்மாதான் நின்று நேராக அடிக்கவைத்தாராம். "புள்ள அதையே பாத்துட்டு இருக்குதுங்க சம்பந்தி" என்றார்.

அட்டையில்லாத தட்டில் தூசி படியும், கீறல் விழும் என்று அந்தப் பெண்ணிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாளா? முப்பது வருடத் தட்டு. இனி இதற்கு அளவாக உறைக்கு நான் எங்கே போவது?

துவைத்த தலையணை உறை ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன்.