குளியலறையில் வைத்த குங்கிலியக் கன்று

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முட்டிவலி என்னைவிட நலம். நீயும் அந்த மழைக்காட்டில் அட்டைக்கடி போக மற்றபடி நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் நீ லீவில் வருவது தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்தான் உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லத் தைரியமில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நீ என்னை நம்பி விட்டுப்போன குங்கிலியக் கன்று இப்போது இல்லை. நீ சொன்னபடிதான் செய்தேன். பெரிய மரங்களின் நிழலில் வளர்வது, வெயில் படக்கூடாது, காற்றில் ஈரம் வேண்டும், பக்கத்தில் ஒரு கிழமரம் சாய்ந்து வெளிச்சம் விழும்வரை வருஷக்கணக்காக இரண்டு சாண் உயரத்திலேயே நிற்கும், பிறகுதான் பத்து மாடிக்கு எழும்பும் என்றாய். குளியலறையில் வைத்தேன். வாராவாரம் டேப்பால் அளந்தேன், அரை அங்குலம்கூடக் கூடவில்லை. ஈரம் போதவில்லை போலும் என்று தையல் கடையிலிருந்து ஸ்டீம் அயர்ன் பாக்ஸைக் கொண்டுவந்து சுற்றிலும் ஆவி காட்டினேன். முப்பது வருஷம் கோட்டு தைத்தவனுக்கு ஆவி சுடும் என்று தெரியாதா என்று நீ கேட்க வேண்டாம், அம்மா கேட்டுவிட்டாள். இலையெல்லாம் சுருக்கமே இல்லாமல் படிந்து, மறுநாள் கறுத்துப்போயின.

உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நர்சரியில் அதே உயரத்தில் ஒரு கன்றை வாங்கி, என்ன மரமென்றுகூடக் கேட்காமல் தொட்டியில் நட்டுப் படம் அனுப்பினேன். மாதாமாதம் நீ பார்த்தது அதைத்தான். போன வாரம் அது காய்த்துவிட்டது. கொய்யா. எனக்குப் பழம் தெரியும், இலையை நான் எங்கே கண்டேன். பத்து மாடி வளரும் காட்டுமரம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேனா, மேல்வீட்டுக்காரர் இரண்டைப் பறித்துத் தின்றுவிட்டுக் குங்கிலியம் இவ்வளவு இனிக்குமா என்று விசாரிக்கிறார்.

நேற்று உன் பழைய மெசேஜையெல்லாம் எடுத்துப் படித்தேன். அந்த முதல் படத்துக்கு நீ போட்ட பதில், "நல்லா இருக்குப்பா. இனிமே வெயில்ல வைங்க." கன்று தேறிவிட்டது என்று நினைத்து அன்றே மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். இப்போதுதான் உறைக்கிறது. மரத்தையே படிக்கிறவளுக்குக் கொய்யா இலை தெரியாதா. இத்தனை நாளும் அப்பன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிரு அம்மா. ஈரத் துணியோடு திரியாதே. வரும்போது இன்னொரு கன்று கொண்டுவா, அயர்ன் பாக்ஸைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். நேரிலும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடாதே, இரண்டு வார்த்தையாவது திட்டிவிடு, இல்லையென்றால் எனக்கு மனசு ஆறாது. நாலு பிஞ்சுக்கு உனக்கென்று மரத்திலேயே துணி கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கொய்யா வளர்த்த அப்பா