பாதி பாட்டில் தைலம்

செம்மநத்தம்,
பங்குனி 9.

சௌபாக்கியவதி ராசாத்திக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம். அந்த நீலகிரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை செங்கோடனும் சுகமாக இருக்கச் சேர்வராயனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய யூகலிப்டஸ் தைலம் உடையாமல் வந்தது. தேன்பெட்டியில் மெழுகுப்புழு விழுந்து அடையெல்லாம் வலை பின்னியிருந்த நேரம், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மாப்பிள்ளை காய்ச்சிய சரக்கு என்றதும் உங்கப்பா முகம் இறுகிவிட்டது. நீ எங்களைக் கேட்காமல் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து உன் பேரை எடுக்காத மனுஷன், உனக்குத் தெரியாததா. உன் கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தேன், துண்டை உதறிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். நாலே சொட்டைத் துணியில் விட்டு அடிப்பலகையில் வைக்கச் சொல்லி நீ எழுதியதை அவர் கேட்கவே இல்லை. ஆனால் காப்பி பூக்கிற சமயம், வருஷத் தேனே அதுதான், பெட்டி அழிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பாதி பாட்டிலைப் பெட்டிக்குள் ஊற்றிவிட்டார். புழு செத்தது வாஸ்தவம். தேனீயும் மொத்தமாகக் கிளம்பிப் பலாமரத்தில் போய்த் தொங்கியது.

அவரே பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, உள்ளே ஈயை இழுக்கிற வாசனைப்புல்லைக் கசக்கித் தேய்த்து, மரத்தடியில் வைத்துவிட்டுச் சாப்பிடக்கூட வராமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பொழுது சாயும்போது ஈ உள்ளே இறங்கியது. நேற்றுப் பார்த்தால் மறுபடியும் புழு. அடுப்படிக்கு வந்து, ஏம்புள்ள, எவ்வளவு ஊத்தச் சொல்லி எழுதியிருந்தா என்று கேட்டார். நாலு சொட்டுங்க என்றேன். பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். எனக்குக் கை நடுங்குது, ராசாத்திய வந்து ஊத்தச் சொல்லு, அந்தத் தம்பியயும் கூட்டியாரச் சொல்லு, காச்சறவனுக்குத்தான அளவு தெரியும் என்றார். நான் அடுப்பை ஊதுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது கண்ணு.

தாமதிக்காமல் வாருங்கள். காதை மூடிக்கொண்டு வா, ரயிலில் சளி பிடிக்கும். மலையேறக் குப்பனூர்ப் பாதையில் வர வேண்டாம், இந்தப் பக்கத்து அடிவாரத்துக்கே வந்துவிடுங்கள். மாப்பிள்ளையிடம் உங்கப்பா முதலில் பேசாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வை. வருகிற நாளை மறக்காமல் எழுது. உங்கப்பாவுக்கு அடிவாரத்தில் உங்களுக்காக வந்து நிற்க வேண்டுமாம், காலையிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

இருவரும் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா
அத்தாயி