லூகோ மதிலில் நாலாவது சுற்று

அல்மேரியாக் கடற்கரையின் மகாராணியும் என் மனைவியுமான ரெமேதியோஸ் சமூகத்துக்கு, வடகோடி லூகோவிலிருந்து செராபின் வணங்கி எழுதுவது. பிள்ளைகள் சுகமா? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை. ரோமானியர் ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலைப் பழுதுபார்க்கிறேன் என்று பேர், அதை இரண்டு வருஷமாக ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கிறேன். நான் தும்மினால் கதீட்ரல் ஆடுகிறது.

இன்று மேஸ்திரி அமரோ, "தெற்கத்தியாரே, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கீரா, வேற ஆளைப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். இங்கே எல்லாருக்கும் நான் தெற்கத்தியார்தான், என் பெயரை யாரும் சொல்வதில்லை. இருந்தால் கூலி உண்டு, நீயும் பிள்ளைகளும் இல்லை. இந்த ஊரில் பெண் கொடுப்பதென்றாலும் பன்றி வாங்குவதென்றாலும் மதில்மேல் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நானும் ஏறினேன். மதிலின் சந்தியாகு வாசல் படியடியில் அமரோ காத்திருந்தார். ஒரு சுற்று முடிந்தும் பதில் வரவில்லை, கால் நிற்கவில்லை. இரண்டாவது சுற்றில், "என்னய்யா, மதில் தேஞ்சிடப் போவுது" என்றார். மூன்றாவதில், "உமக்கு ராஜ்யமா பிரிச்சுக் குடுக்கிறேன்?" என்றார்.

"பொறும், மந்திரிசபை கூடியிருக்கு" என்றேன்.

நாலாவது சுற்றில் அவரிடம் போய்ச் சேரவில்லை. அதற்கு முன்பே, ரயில் ஸ்டேஷன் பக்கத்து மதில் வாசலிலேயே இறங்கிவிட்டேன். துணிமணி அறையில் கிடக்கட்டும். பாவம் அமரோ, நல்ல மனிதர். வழியில் தந்தி அடிக்கிறேன்.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூண்டு சூப்பில் ரொட்டியை நிறையப் போடு. ஜன்னலோரக் கட்டிலில் யாரையும் படுக்க விடாதே. இக்கடிதம் எனக்கு முந்தி வந்தால், நான் தட்டியதும் கதவைத் திறக்காதே. உள்ளேயிருந்தே என் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிடு.

வண்டி ஊதுகிறது.

உன் செராபின்