காற்று ஒன்று புள்ளி மூன்று

அல் கூஸ் கேம்ப், துபாய்
12.4.2003

அன்பு நாகவள்ளிக்கு,

உன் வைரவன் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை; நீதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வெயிலில் ஓடிக் கறுத்திருப்பாய். போனில் பேசலாமென்றால் ரூமில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பி.டி. டீச்சருக்கு ஒரு சேதி! நேற்று எங்கள் மைதானத்தில் கானா நாட்டு அபெனா, பெண்கள் நூறு மீட்டரில் ஆப்பிரிக்க ரெக்கார்டை உடைத்துவிட்டாள். முப்பத்தொரு வயது, முழங்காலில் இரண்டு ஆபரேஷன். தினமும் பயிற்சிக்கு வரும்போது "வைரா பாய்" என்று என்னைக் கூப்பிடுவாளே, அவளேதான்.

காற்றை அளக்கும் மிஷின் என் டூட்டி. நேற்று அப்படியொரு மண்காற்று. மணல் போய்க் கெட்டுவிட்டால் பழி நம் தலையில்தானே? உயரம் தாண்டுகிற மெத்தை ஒன்றைக் காற்று வருகிற பக்கம் நிமிர்த்தி வைத்தேன். ஒரு பொட்டு மணல் ஒட்டவில்லை! அபெனா ஓடி முடித்து அடுத்த பந்தயம் தொடங்குவதற்குள் மெத்தையைக் கேட்டு எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பந்தயத்தில் மிஷின் 3.6 காட்டியது. அபெனா ஓடும்போது 1.3தான். அதிர்ஷ்டக்காரி.

உன்
வைரவன்

திருமயம்
24.4.2003

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்களே! பின்னாலிருந்து தள்ளுகிற காற்று நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால் ரெக்கார்டு செல்லாது. அதைப் பார்க்கத்தானே அந்த மிஷின்? மெத்தையை வைத்து மறைத்தால் அதற்குக் காற்று எப்படித் தெரியும்? அது அதிர்ஷ்டமில்லை மச்சான், உங்கள் மெத்தை.

ரெக்கார்டைப் பதிவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் செய்தது குற்றமில்லை. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வேறு.

கவலையோடு,
நாகவள்ளி

அல் கூஸ்
6.5.2003

நாகவள்ளிக்கு,

சூப்பர்வைசர் சேதுமாதவனிடம் காதோடு காதாகச் சொன்னேன். "எடா, மிண்டாதே. வாயைத் திறந்தா விசா கேன்சல். கலாஸ், எல்லாம் தீர்ந்தது" என்று மலையாளமும் அரபியும் கலந்து அதட்டிவிட்டார்.

அங்கே உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். அந்தப் பெண்ணைத் தினமும் பார்க்கிறவன் நான். பதினொரு வருடம் இரண்டாவது, மூன்றாவது என்றே ஓடியவள். இந்த வருடத்தோடு நிறுத்தப் போகிறாளாம். அவள் வாயில் மண்ணைப் போடச் சொல்கிறாயா? நேற்று எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ படித்த அதே பள்ளிக்கூடச் சுவரில் உன் ரெக்கார்டு இருக்கிறதே, அதை யாராவது பிடுங்கினால் சும்மா இருப்பாயா? இதைப் பற்றி இனி எழுதாதே.

வைரவன்

திருமயம்
18.5.2003

மச்சானுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். "நூறு மீட்டர், நாகவள்ளி, 1989, 12.8" என்று சுவரில் எழுதியிருந்த அந்த ஓட்டத்தில், துப்பாக்கி வெடிக்கும் முன்பே என் கால் கிளம்பிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

பதினான்கு வருடமாகப் பிள்ளைகள் அதை முறியடிக்க மூச்சு முட்ட ஓடுகிறார்கள். பிப்ரவரியில் சந்தியா 12.9-ல் ஓடிவிட்டு என் தோளில் விழுந்து அழுதாள். "நல்லாத்தான்டி ஓடுன, அழாத" என்றேன். சுவரில் இருப்பது பொய் என்று மட்டும் சொல்லவில்லை. சீ, என்ன பிறவி நான்!

போன திங்கட்கிழமை தலைமையாசிரியர் ராமையா சார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டார்கள். ஊர் சிரிக்கிறது. சந்தியா என்னோடு பேசுவதில்லை.

உங்களை இனி வற்புறுத்த மாட்டேன்.

நாகவள்ளி

அல் கூஸ்
31.5.2003

அன்பு நாகவள்ளிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். நான்காம் நாள் காலை மிஷினையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு அபெனாவிடம் போனேன். அன்றும் காற்று இருந்தது. எனக்கேது அவ்வளவு இங்கிலீஷ்? மெத்தையை வைத்துக் காட்டினேன், எடுத்துக் காட்டினேன். எண் ஏறுவதைப் பார்த்தாள். மறுபடி வைக்கச் சொன்னாள். மூன்று தடவை. பிறகு டிராக்கிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி என்மேல் எறிந்தாள். தோளில் பட்டது. அதை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் கழித்து அவளே என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போனாள்.

ரெக்கார்டு போய்விட்டது. என் விசாவும் போய்விட்டது. சேதுமாதவன் பேரை நான் எடுக்கவில்லை. அபெனா ஓட்டத்தை நிறுத்தவில்லையாம்; அடுத்த மாதம் ஐரோப்பாவில் ஓடுகிறாள். நேற்று அவள் கிளம்பும்போது, "வைரா பாய், மாஃபி மெத்தை" என்றாள். மாஃபி என்றால் இங்கே இல்லை என்று அர்த்தம்; இனி மெத்தை கிடையாதாம். மெத்தை என்ற அந்த ஒரு தமிழ்ச் சொல்லை யாரிடம் கேட்டாளோ தெரியவில்லை. சிரிக்கவில்லை, ஆனால் கை கொடுத்தாள்.

ஜூன் பதினெட்டாம் தேதி வருகிறேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு வராதே. நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுகிறேன். சுண்ணாம்பு அடித்த அந்த இடத்தை நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

உன்
வைரவன்