தரையில் இழுபட்ட பாவாடை

மேடவாக்கத்தில் அக்கா மகளுக்கு க்ளூ ஸ்டிக் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் உன் வாசனை. பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற அதைப் புருவத்தில் தேய்த்து, முடியைப் படியவைத்து, பவுடர் பூசி, மேலே வேறு புருவம் வரைவாய். நம் வாடகை வீட்டில் கண்ணாடி ஒன்றுதான். நான் ஷேவ் செய்யக் காத்துக் கிடப்பேன். "அவசரப்படாத மச்சான், ராணி ரெடியாவ வேணாமா" என்பாய். வாரநாளில் கம்ப்யூட்டர் கம்பெனி, சனிக்கிழமை ஓட்டல் மேடையில் பெண் வேஷம். கேட்டவர்களிடம் டிராக் குயின் என்று கூசாமல் சொல்வாய்.

ஒரு சாயங்காலம் வேஷத்தோடு படியிறங்கினாய். கீழ்வீட்டு அக்கா உன்னைத் திருநங்கை என்று நினைத்து, கைக்குழந்தையை நீட்டி ஆசீர்வாதம் கேட்டார். டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"அவங்க பொம்பளையாவே வாழ்றவங்கக்கா. நான் வேஷம் கட்றவன், கலைச்சா மேல்வீட்டுப் பையன். அவங்க குடுக்குறத நான் குடுக்கக் கூடாது."

அவர் உற்றுப் பார்த்தார். "அட, நீயா தம்பி? பரவால்ல, மாமனா குடு." கொடுத்தாய்.

கார் ஏறும்போது சொன்னாய்: "என் மனசு ஆம்பளைங்க பக்கம்னு அம்மாவுக்குத் தெரியும். மேடை ஏறுறதத்தான் சொல்ல முடியல." அது ஒன்றுதான் உன்னை அரித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

காரியம் முடிந்தபின் உன் பொருள்களைச் சிட்லபாக்கத்தில் உன் அம்மா வீட்டுக்கு எடுத்துப்போனேன். உன் மேடைக் கவுனை ஒளிக்கவில்லை, ஒளித்திருந்தால் நீ உதைத்திருப்பாய்.

"இது யாரோடதுப்பா?" என்றார் அம்மா.

"அவனோடதும்மா. மேடையில போடுவான். டிராக் குயின்னு சொல்லுவாங்க."

"அப்படின்னா?"

நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். அந்தக் காலத்து வெள்ளைக்கார நாடகங்களில் பெண் வேஷம் கட்டிய ஆண்களின் நீளப் பாவாடை தரையில் இழுபடுமாம். டிராக் என்றால் இழுப்பது. அதிலிருந்து வந்த பேர் என்கிறார்கள், அடித்துச் சொல்ல ஆளில்லை. குயின் என்பது ஆணை நேசிக்கிற ஆண்களை ஏளனம் செய்த பழைய சொல். அதையே அவர்கள் எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள்.

அம்மா கவுனின் ஓரத்தைத் திருப்பினார். சுற்றிலும் அழுக்கு, அறுந்த நூல்.

"நல்லா இழுத்துட்டேதான் நடந்திருக்கான்."

துவைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. அவன் நடந்தது அதுலதானே இருக்கு."

இன்று க்ளூ ஸ்டிக் இரண்டு வாங்கினேன். ஒன்று பிள்ளைக்கு. மற்றது கண்ணாடிக்குக் கீழே, நீ வைக்கிற இடத்தில் இருக்கிறது. கண்ணாடி இப்போது முழுக்க எனக்குத்தான். எனக்குப் பிடிக்கவில்லை.