சத்து மாத்திரை என்று சொன்னேன்

ஜூலை 9, செவ்வாய்

நானும் வீட்டுக்காரரும் அபிநயாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஒன்பதாவது படிக்கிறாள். தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தையே விட்டுவிட்டு வருவாள். பரீட்சையில் பாதியிலேயே எழுந்துவிடுவாள். திமிர் என்று நானே எத்தனை அடி அடித்திருக்கிறேன்!

டாக்டரம்மா அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்கள் இருவரிடமும் சொன்னார்: "ஏடிஹெச்டிங்க. கவனம் ஒரு இடத்துல நிக்காது. திமிருமில்ல, நீங்க வளத்த குத்தமுமில்ல. மாத்திரை இருக்கு."

வெளியே வந்ததும், "எனக்கு என்னம்மா?" என்றாள்.

"சத்துக் குறைவாம்டி."

அங்கன்வாடி டீச்சர் இல்லையா நான், ஊருக்கெல்லாம் சத்து மாத்திரை கொடுக்கிறவள். பொய் சரளமாக வந்தது. பொண்ணாச்சே, நாளைக்கு நாலு பேர் பார்க்க வர வேண்டாமா?

ஜூலை 20

கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுசாக முடித்திருக்கிறாள். அழுகையே வந்துவிட்டது.

ஜூலை 27

பக்கத்து வீட்டுக் கலியம்மாள் வாசலில். கையில் எங்கள் மாத்திரை. "ஒம் பொண்ணு எங்க ஜெயசுதாவுக்குக் குடுத்திருக்கா. நல்லவேளை, அவ முழுங்கல. மருந்துக் கடையில கேட்டா, மூளைக்குக் குடுக்கறதாம்ல?"

ஜெயசுதா ரத்தமில்லாமல் சோர்ந்து கிடந்தாளாம். சத்து மாத்திரைதானே என்று இவள் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் — ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் நான்!

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் அபிநயா. "நான் பைத்தியமாம்மா?" அப்புறம் சாப்பிடவில்லை. மாத்திரையும் தொடவில்லை.

ஜூலை 30

அபிநயாவைக் கூட்டிப்போய், டாக்டரம்மாவிடம் நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "தப்பு எம்மேலயும் இருக்குங்க. அவளை வெச்சுக்கிட்டுதான் பேசியிருக்கணும்" என்றார். அபிநயா பக்கம் திரும்பி உட்கார்ந்து, "ஒனக்கு என்ன கஷ்டம்னு நீ சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள்: "கேக்கணும்னுதான் மேடம் உக்காருவேன். மனசு எப்பப் போச்சுன்னே தெரியாது. அம்மா அடிக்கறப்பதான் தெரியும்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"நீ பைத்தியமெல்லாம் இல்ல" என்று, ஏடிஹெச்டி என்ற பேரை அவளிடமே சொல்லி விளக்கினார். மாத்திரை வேணுமா என்பதையும் அவளையே கேட்டார். தலையாட்டினாள்.

பஸ்ஸில், "மன்னிச்சுடுடி" என்றேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 3

இன்னும் பேசவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தலை பின்னச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். தானாகவே சொன்னாள்: "அம்மா, ரெண்டு நாளா மாத்திரை போடல. பசியே எடுக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட சொல்லணும்."

வாய் வரைக்கும் வந்த வசவை முழுங்கினேன். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"நீயே சொல்லு. நான் கூட வரேன்" என்றேன்.

பின்னி முடித்த பிறகும் எழுந்து ஓடவில்லை. அப்படியே என்மேல் சாய்ந்துகொண்டாள்.